பிறந்த நாளைத் தேடிய பெருமகன் பிரடெரிக் டக்ளஸ்

பள்ளியில் சேர வரும் குழந்தையைக் குறித்து ஆசிரியர் மூன்று செய்திகளைக் கேட்டுப் பதிவேட்டில் எழுதுகிறார். பெயர் என்ன, தந்தை பெயர் என்ன, பிறந்த நாள் எது என்பவையே அவை. இன்று இவற்றிற்கு விடை கூறுவது நமக்கு எளிது. ஆனால் இம்மூன்று வினாக்களுக்கும் விடை தேடியே தம் வாழ்நாளைக் கழித்த பேரறிஞர் ஒருவர் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அடிமையாகப் பிறந்து, எழுத்தாலும் பேச்சாலும் அடிமை முறையின் வேரை அசைத்த பிரடெரிக் டக்ளஸ் அவர். கல்வியையே குறிக்கோளாகக் கொண்டு கால் நூற்றாண்டு கடந்த நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அவர் வரலாற்றை நம் இளைஞர்க்கு எடுத்துரைப்பது பொருத்தமுடையது எனக் கருதுகிறோம்.

பாட்டியின் குடில்

மேரிலாந்து மாநிலத்தின் டால்பட் மாவட்டத்தில் டக்கஹோ என்னும் ஓடை பாய்கிறது. அதன் அருகில் இருந்த ஒரு சிறு குடிலில்தான் டக்ளஸ் வளர்ந்தார். குடிலுக்கு உரியவர் அவருடைய பாட்டி பெட்சி பெய்லி. மீன் வலை பின்னுவதிலும், சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பக்குவமாகப் பயிரிடுவதிலும் அப்பகுதியில் பெயர் பெற்றவர் அவ்வம்மையார். அவர் கணவர் ஐசக் பெய்லி அடிமையல்லர். மரம் அறுத்துப் பிழைத்த சுதந்திர மனிதர். ஆயினும் பெட்சி அடிமை. அவர் பெற்ற பிள்ளைகள் அனைவரும் அடிமைகள்.

இங்கே நாம் ஒரு சட்டத்தைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். தாய் அடிமையாயின் குழந்தையும் அடிமை என்பதே அந்நாட்டு அடிமை மாநிலங்களின் சட்டம். தந்தை யாராயினும், சுதந்திரம் உடையவராயினும், ஆண்டையே ஆயினும், அது கணக்கில் இல்லை. அடிமைப் பெண்ணின் வயிற்றில் பிறந்த ஒவ்வொரு குழந்தையும் ஆண்டையின் சொத்துக் கணக்கில் ஏறியது. பெற்றவனே தன் பிள்ளையை விற்கும் கொடுமைக்கு இச்சட்டம் இடமளித்தது.

டக்ளஸின் தந்தை ஒரு வெள்ளையர் என்றே எல்லோரும் பேசிக்கொண்டனர். அவர் ஆண்டைதான் என்றும் சிலர் முணுமுணுத்தனர். உண்மை எது என்பது டக்ளஸுக்கு இறுதிவரை தெரியவில்லை.

தாயார் ஹாரியட் பெய்லியையும் அவர் அதிகம் அறிந்தாரில்லை. அடிமைப் பெண்கள் தொலைவிலுள்ள பண்ணைகளுக்குக் கூலிக்கு விடப்பட்டனர். அவர்கள் ஈன்ற குழந்தைகளை முதிய பெண்களிடம் ஒப்படைப்பது ஆண்டைகளின் வழக்கம். பிள்ளையைப் பேணும் நேரமும் உழைப்புக்கே ஆகட்டும் என்பது அவர்கள் கணக்கு.

பிரடெரிக்கிற்கு ஆறு வயது ஆனபோது, 1824இல், பாட்டி அவனை அழைத்துக்கொண்டு 12 மைல் நடந்தார். கால் சோர்ந்த இடங்களில் தோளில் தூக்கிக்கொண்டார். வை ஆற்றங்கரையில் லாய்டு குடும்பத்தார்க்கு உரிய பெரும்பண்ணையை இருவரும் அடைந்தனர். அப்பண்ணையின் நிருவாகியான ஆரன் ஆண்டனியே பாட்டிக்கும் பேரனுக்கும் ஆண்டை. அங்கே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுள் மூவரைக் காட்டி, இவன் உன் அண்ணன் பெர்ரி, இவர்கள் உன் அக்காமார் சாராளும் எலைசாவும் எனப் பாட்டி சொன்னார். உடன்பிறந்தோர் என்னும் சொல்லின் பொருளே அதுவரை அவனுக்குத் தெரியாது. அவர்களோடு விளையாடப் போனான். சற்று நேரத்தில் ஒரு சிறுவன் ஓடிவந்து, பாட்டி போய்விட்டாள் என்றான். விடைபெறும் துணிவு அம்மூதாட்டிக்கு இல்லை. அவருக்கு இட்ட கட்டளை அவ்வளவே.

ஓரிரவு அவன் தாயார் நெடுந்தொலைவு நடந்து மகனைக் காண வந்தார். சமையற்காரி அன்று முழுவதும் அவனைப் பட்டினி போட்டிருந்தாள். தாய் அவளைக் கடிந்துகொண்டு, மகனை மடியில் இருத்தி, இதய வடிவான இனிப்பு அப்பம் ஒன்றை ஊட்டினார். அவன் மடியிலேயே உறங்கிவிட்டான். விடியுமுன் வயலுக்குத் திரும்பவேண்டிய தாய், அவன் விழித்தபோது அங்கில்லை. அதன்பின் நெடுநாள் செல்லுமுன் அவர் இறந்தார். நோயுற்ற தாயைக் காணவும் மகனுக்கு வழியிருக்கவில்லை.

அவ்வம்மையாருக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்ற செய்தியைப் பின்னாளில்தான் டக்ளஸ் அறிந்தார். டக்கஹோப் பகுதியின் அடிமைகளுள் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவரே. டக்ளஸின் அறிவுக்குக் காரணம் அவர் உடலில் ஓடும் வெள்ளையர் குருதியே எனப் பலர் எழுதினர். டக்ளஸ் அதனை ஏற்கவில்லை. எழுத்தின்மேல் தமக்குள்ள பற்றுக்குத் தம் கறுத்த தாயே காரணம் என அவர் அழுத்தமாக எழுதினார். தாயின் படம் எதுவும் அவரிடம் இல்லை. மனித இனங்கள் பற்றிய ஒரு நூலில் பண்டை எகிப்து அரசன் ஒருவனின் உருவப்படத்தைக் கண்டு, அதில் தம் தாயின் சாயல் இருப்பதாகச் சொல்லி ஆறுதல் அடைந்தார். தாயின் முகத்தைப் பிற நாட்டு மன்னன் முகத்தில் தேடவேண்டிய நிலை எத்துணைக் கொடியது!

எழுத்தும் விடுதலையும்

1826இல் சிறுவன் பிரடெரிக் பால்டிமோர் நகரிலிருந்த ஹியூ ஆல்டு என்பவர் வீட்டிற்கு அனுப்பப்பட்டான். அவ்வீட்டு அம்மையார் சோபியா இரக்க நெஞ்சினர். அவனுக்கு நெடுங்கணக்கைக் கற்றுத்தரத் தொடங்கினார். கணவர் அதைக் கண்டு சினந்தார். படித்தவன் அடிமையாக இரான் என அவர் மனைவியை எச்சரித்தார். அந்த எச்சரிக்கையே சிறுவனுக்குப் பெரும்பாடமாயிற்று. எதனை ஆண்டை அஞ்சுகிறானோ அதுவே விடுதலைக்கு வழி என்று அன்றே அவன் தெளிந்தான்.

தெருவில் திரிந்த ஏழை வெள்ளைச் சிறுவர்க்கு வீட்டிலிருந்த ரொட்டியைக் கொடுத்து, அதற்கு ஈடாகச் சொற்களைக் கற்றான். கப்பல் கட்டுந்துறையில் ஒவ்வொரு மரத்துண்டும் கப்பலின் எப்பக்கத்துக்கு உரியது எனக் குறிக்கத் தச்சர் எழுதிய எழுத்துகளைப் பார்த்து எழுதப் பழகினான். சேர்த்து வைத்த 50 சென்ட் கொடுத்துச் சொற்பொழிவுத் தொகுப்பு நூல் ஒன்றை வாங்கி, மறைவில் வைத்துப் படித்தான்.

இதற்கிடையில் 1826இல் ஆரன் ஆண்டனி இறந்தார். மறு ஆண்டு சொத்துப் பிரிவினை நடந்தது. பால்டிமோரிலிருந்த சிறுவனும் அதற்காகக் கொண்டுவரப்பட்டான். பாட்டியும் பேரப்பிள்ளைகளும், குதிரைகளும் மாடுகளும் பன்றிகளும் ஒரே இடத்தில் நிறுத்தப்பட்டு விலை மதிக்கப்பட்டன. ஒரு குடும்பம் சிலர் கையெழுத்தால் துண்டு துண்டாயிற்று. பிரடெரிக் ஆண்டனியின் மருமகன் தாமஸ் ஆல்டுக்கு உரிய பங்கில் சேர்க்கப்பட்டான். அக்கா சாராள் பின்னர் தொலைவிலுள்ள மிசிசிப்பிக்கு விற்கப்பட்டார்.

1838 செப்டம்பர் 3ஆம் நாள், மாலுமி உடையில், மற்றொருவருடைய மாலுமிச் சான்றிதழைக் கையில் கொண்டு, அவர் இரயிலேறித் தப்பினார். அவருக்குத் துணைநின்றவர் அன்னா மர்ரே என்னும் சுதந்திரக் கறுப்பினப் பெண்மணி. இருவரும் நியூயார்க்கில் மணம் புரிந்துகொண்டு மாசச்சூசெட்ஸ் மாநிலத்து நியூ பெட்போர்டு நகரில் குடியேறினர்.

தாய் இட்ட பெயர் பிரடெரிக் அகஸ்டஸ் வாஷிங்டன் பெய்லி என்பது. தேடுவோரிடமிருந்து தப்ப அதை மறைத்தாகவேண்டும். ஜான்சன் என்று மாற்றினார். அந்நகரில் ஜான்சன்கள் மிகுதி. அடைக்கலம் தந்த நாதன் ஜான்சன் என்னும் அன்பர், தாம் படித்துக்கொண்டிருந்த வால்டர் ஸ்காட்டின் காவியத்திலிருந்து டக்ளஸ் என்ற பெயரைத் தேர்ந்தளித்தார். பாட்டியின் குடும்பப்பெயரைத் துறந்தவர், பிரடெரிக் என்பதை மட்டும் விடமாட்டேன் என்று காத்துக்கொண்டார்.

1841 முதல் அடிமை ஒழிப்பு மேடைகளில் அவர் குரல் முழங்கிற்று. கேட்டவர் வியந்தனர்; சிலர் ஐயுற்றனர். இத்துணைச் சொல்வன்மை உடையவர் அடிமையாக இருந்திருக்க முடியுமா என்றனர். ஐயத்தைப் போக்க 1845இல் தம் வரலாற்றை நூலாக வெளியிட்டார். பிறந்த மாவட்டம், ஆண்டையின் பெயர், பண்ணையின் பெயர், தாய், பாட்டி ஆகியோர் பெயர் அனைத்தையும் அதில் அச்சிட்டார். தப்பியோடிய அடிமை தன் இருப்பிடத்தைத் தானே ஆண்டைக்கு அறிவிப்பது போன்றது அது. ஆயினும் தம் குடும்பத்தின் பெயர்களே தமக்குச் சான்று என்று அவர் துணிந்தார். அதனால் நேர்ந்த இடருக்கு அஞ்சிக் கடல் கடந்து அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் சென்றார். அங்குள்ள நண்பர்கள் 1846இல் 150 பவுன் கொடுத்து அவருக்குச் சட்டப்படி விடுதலை வாங்கித் தந்தனர். திரும்பியதும் 1847இல் ரோச்செஸ்டர் நகரில் தம் சொந்த இதழைத் தொடங்கினார்.

அவருடைய நேர்மைக்கு ஒரு நிகழ்ச்சியைச் சுட்டுவோம். முதுமையில் தம் பாட்டியைத் தாமஸ் ஆல்டு கைவிட்டுவிட்டார் என்று டக்ளஸ் 1848இல் கடுமையாகக் குற்றம் சாட்டினார். பாட்டி வேறொருவர் பங்கிற்குப் போனவர் என்பதும், பின்னர் ஆல்டே அவரை வரவழைத்துப் பேணினார் என்பதும் தெரியவந்தன. மறு ஆண்டே தம் இதழில் டக்ளஸ் பிழையைத் திருத்தினார். அடிமை முறையின்மேல் அவருக்கிருந்த சினம் சிறிதும் தணியவில்லை. ஆனால் தம் குடும்ப வரலாற்றில் ஒரு பொய்யும் நிற்கலாகாது என்பதில் உறுதியாக இருந்தார்.

பிரிந்தவர் கூடினர்

1864 நவம்பரில் மேரிலாந்து அடிமை முறையை ஒழித்தது. உடனே டக்ளஸ் பால்டிமோர் சென்றார். அங்கே நெடுநாள் பிரிந்திருந்த அக்கா எலைசா அவரைக் காண வந்தார். 1867இல் அண்ணன் பெர்ரி, டெக்சாஸ் போன்ற தொலைநாட்டு வாழ்வை விட்டு மனைவி மக்களோடு ரோச்செஸ்டர் வந்து சேர்ந்தார். டக்ளஸ் அவர்களுக்கென ஒரு சிறு வீடு கட்டிக்கொடுத்தார்.

அந்நாட்களில் இத்தகைய தேடல் நாடெங்கும் நடந்தது. விற்கப்பட்ட தாயைத் தேடும் மகனும், பிரிந்த கணவனைத் தேடும் மனைவியும் செய்தித்தாள்களில் விளம்பரம் செய்தனர். எந்த ஆண்டில் எந்த ஆண்டையிடம் விற்கப்பட்டோம் என்பதே அவர்கள் கொடுக்கக்கூடிய அடையாளம்.

இன்றும் கறுப்பின மக்கள் தம் முன்னோரைத் தேடும்போது 1870ஆம் ஆண்டு ஒரு சுவர்போல் எதிர் நிற்கிறது. அவ்வாண்டுக் குடிக்கணக்கில்தான் விடுதலை பெற்ற அடிமைகளின் பெயர்கள் முதன்முதலாக எழுதப்பட்டன. 1850, 1860ஆம் ஆண்டுகளின் அடிமைக் கணக்கில் ஆண்டையின் பெயர் உண்டு. அதன்கீழ் அடிமையின் வயது, பால், நிறம் ஆகியவை மட்டுமே பெரும்பாலும் உள. பெயர் இல்லை. அச்சுவருக்கு அப்பால் போக விரும்புவோர் ஆண்டைகளின் உயில், பாகப்பத்திரம், விற்பனைப் பத்திரம், வரவு செலவுக் கணக்கு ஆகியவற்றைத்தான் புரட்டவேண்டும். தம் முன்னோரைத் தேட முன்னோரை ஆண்டவன் யார் என்று முதலில் அறியவேண்டியுள்ளது.

இதில் டக்ளஸின் வாழ்வோடு தொடர்புடைய மற்றொரு செய்தியும் உண்டு. விடுதலை பெற்ற மக்களின் சேமிப்புக்கென 1865இல் ஒரு வங்கி நிறுவப்பட்டது. 1874இல் டக்ளஸ் அதன் தலைவரானார். உள்ளே சென்று பார்த்தபோது வங்கி முன்னரே சீர்குலைந்திருந்தது. தம் சொந்தப் பணம் 10,000 டாலரைக் கடனாகக் கொடுத்தும் அதைக் காக்க இயலவில்லை. சில மாதங்களில் வங்கி மூடப்பட்டது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஏழை மக்களின் ஏறத்தாழ 30 இலட்சம் டாலர் சிக்கிக்கொண்டது. அது டக்ளஸின் வாழ்வில் ஆறாத வடுவாயிற்று. ஆனால் அவ்வங்கியில் கணக்குத் தொடங்கிய பலர், தம் பெற்றோர், உடன்பிறந்தோர், பிறந்த ஊர், முன்னாள் ஆண்டை ஆகிய பெயர்களைப் பதிவேட்டில் சொல்லி எழுதச் செய்திருந்தனர். பணம் போயிற்று, பெயர்கள் நின்றன. இன்று தம் வேரைத் தேடுவோர்க்கு அப்பதிவேடுகள் பெருந்துணையாக உள்ளன.

ஆண்டையின் படுக்கையருகே

1877 ஜூன் மாதம் டக்ளஸ் தாம் தப்பிவந்த மண்ணுக்குச் சென்றார். அப்போது அவர் தலைநகர் வட்டாரத்தின் மார்ஷல் என்னும் உயர் பதவியில் இருந்தார். முன்னாள் ஆண்டை தாமஸ் ஆல்டு உடல் நடுங்கப் படுக்கையில் கிடந்தார். இருவர் கண்களிலும் நீர் பெருகியது. அந்நேரத்தில் டக்ளஸ் கேட்டவற்றுள் ஒன்று, தாம் பிறந்த நாள் எது என்பது. நாள் தெரியாது, 1818 பிப்ரவரியில் பிறந்ததாக நினைவு என்று ஆல்டு கூறினார். அதுவரை தாம் 1817இல் பிறந்ததாகவே டக்ளஸ் எண்ணியிருந்தார்.

மறு ஆண்டு மீண்டும் சென்று, டக்கஹோ ஓடையருகில் பாட்டியின் குடில் இருந்த இடத்தைத் தேடினார். குடில் மறைந்துவிட்டது. அவ்விடத்து மண்ணைக் கையால் அள்ளித் தம் வீட்டிற்கு எடுத்துச் சென்றார். 1894இல், எழுபத்தைந்து வயது கடந்த நிலையிலும், ஆல்டு குடும்பத்தின் வழிவந்த ஒருவரைக் காணப் பால்டிமோர் போய் அதே வினாவை மீண்டும் கேட்டார். விடை கிடைக்கவில்லை. 1895 பிப்ரவரி 20ஆம் நாள் அவர் மறைந்தார்.

காதலர் திருநாளாகிய பிப்ரவரி 14ஐயே அவர் தம் பிறந்த நாளாகக் கொண்டிருந்தார். தாய் அன்றிரவு ஊட்டிய இதய வடிவ அப்பமே அதற்குக் காரணம். 1926இல் கார்ட்டர் உட்சன் என்னும் கறுப்பின வரலாற்றறிஞர், கறுப்பின வரலாற்று வாரத்தைத் தொடங்கியபோது, லிங்கன் பிறந்த நாளையும் டக்ளஸின் இந்நாளையும் ஒட்டியே அவ்வாரத்தை அமைத்தார். இன்று பிப்ரவரி முழுவதும் அவ்வரலாற்றின் மாதமாகக் கொண்டாடப்படுகிறது. பிறந்த நாள் மறுக்கப்பட்டவர் தாமே வரித்துக்கொண்ட நாள், ஓர் இனத்தின் நினைவு நாளாயிற்று!

கணக்கேட்டில் கிடந்த விடை

டிக்சன் பிரஸ்டன் என்னும் எழுத்தாளர் டக்ளஸின் இளமை பற்றி ஆராய்ந்து 1980இல் ஒரு நூல் வெளியிட்டார். ஆரன் ஆண்டனியின் பழைய கணக்கேடு மேரிலாந்து ஆவணங்களிடையே இருந்தது. தம் அடிமைகளுக்குப் பிறந்த குழந்தைகளை ஆண்டனி அதில் வரிசையாக எழுதி வைத்திருந்தார். ஹாரியட்டின் மகன் பிரடெரிக் அகஸ்டஸ் 1818 பிப்ரவரியில் பிறந்தான் என்ற பதிவு அங்கே இருந்தது. பாட்டி பெட்சி 1774இல் பிறந்தவர். ஆன் ஸ்கின்னர் என்னும் பெண்ணை மணந்ததன் வாயிலாகவே அவர் ஆண்டனியின் உடைமையானார். ஸ்கின்னர் குடும்பத்துப் பழைய சொத்துப் பட்டியல்களில் பேலி என்னும் அடிமையின் பெயர் காணப்படுகிறது. அவர் பிறந்தது 1701ஆம் ஆண்டளவில். பெய்லி என்னும் குடும்பப்பெயரின் வேர் அதுவே எனக் கருதப்படுகிறது. அமெரிக்கா ஒரு நாடாகு முன்னரே இக்குடும்பம் அம்மண்ணில் உழைத்திருக்கிறது.

டக்ளஸ் ஊர் ஊராகத் தேடிய விடை, அவர் உயிரோடிருந்த காலமெல்லாம் ஒரு கணக்கேட்டுத் தாளில் கிடந்தது. ஆண்டை அதை அன்பினால் எழுதவில்லை. கன்று ஈன்ற பசுவைக் கணக்கில் ஏற்றுவதுபோல எழுதினான். எழுதப் படிக்கத் தெரிந்தவன் அவன், ஏடும் அவனுடையது. எனவே அடிமையின் பிறந்த நாளும் அவன் உடைமையாயிற்று. அறிவைப் பறிப்பது என்பதன் முழுப்பொருளும் இதில் அடங்கியுள்ளது. டக்ளஸ் அதற்கு அளித்த மறுமொழி, தம் வாழ்வை மும்முறை தாமே எழுதியது. 1845, 1855, 1881 ஆகிய ஆண்டுகளில் வந்த அம்மூன்று நூல்களிலும் பாட்டி பெட்சியும் தாய் ஹாரியட்டும் விலைப்பொருள்களாக அல்லாமல் மனிதர்களாக வாழ்கின்றனர்.

நாம் செய்யத்தக்கது

டக்ளஸ் வாழ்ந்த காலத்திலேயே, 1873இல், மகாத்மா ஜோதிராவ் பூலே தம் நூலாகிய குலாம்கிரியை, கறுப்பின மக்களின் அடிமைத் தளையை அகற்றப் பாடுபட்ட அமெரிக்க நன்மக்களுக்கு உரிமையாக்கினார். இரண்டு துயரும் ஒரே தன்மையன என்பதை அப்பெருமகனார் கண்டார். நம் தஞ்சை, செங்கற்பட்டுப் பகுதிகளிலும் உழவடிமைகள் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டதை நாம் அறிவோம். 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் அடிமை உரிமையைச் செல்லாததாக்கும் வரை அவ்வணிகத்துக்கு ஓலையும் சாட்சியும் இருந்தன. நம் முன்னோர் சிலருடைய பெயர்கள் அத்தகைய ஓலைகளில் மட்டுமே உள்ளன. இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1893இல் பறையன் என்ற பெயரிலேயே இதழ் நடத்தியதும், பின்னர்த் தம் வாழ்க்கையைத் தாமே எழுதியதும் டக்ளஸின் வழிக்கு இணையான செயல்களே.

நம் முதியோர் பலருக்குப் பள்ளிப் பதிவேட்டிலுள்ள பிறந்த நாள், ஆசிரியர் கணித்து எழுதியதே. பெற்ற தாய் அதைப் பெருமழை பெய்த ஆண்டைக் கொண்டும், அறுவடையைக் கொண்டும் நினைவிற் கொண்டிருந்தாள். அத்தாய்மார் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். அவர்களோடு பெயர்களும் மறைகின்றன.

ஆகவே இளைஞர்களே, இவ்விழா நாளில் உங்களிடம் ஒன்று வேண்டுகிறோம். வீட்டில் முதியோர் இருப்பின் இன்றே அவர்கள் அருகில் அமருங்கள். அவர்தம் தாய் பெயர், பாட்டி பெயர், பிறந்த ஊர், உழைத்த நிலம், அந்நிலம் யாருடையது, ஊரை விட்டு வந்த காரணம் ஆகியவற்றைக் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். கேட்டதைக் கேட்டவாறே எழுதுங்கள். பிழை தெரிந்தால் டக்ளஸைப் போல் திருத்துங்கள். பெண் வழிப் பெயர்களை விட்டுவிடாதீர்கள். எழுத்தறிவு நமக்கு வேலை தருகிறது, பதவி தருகிறது, அவை வேண்டுவனவே. அதே எழுத்தறிவால் நம் பாட்டியின் பெயரை நம் கையாலேயே எழுதி வைப்போமாயின், நாளை நம் பேரப்பிள்ளைகள் தம் வேரைத் தேடி எவர் கணக்கேட்டையும் புரட்டவேண்டியிராது.